கரியமில வாயுவைப் பூமிக்குள் புதைப்பது: தீர்வா, சாக்கா?

பாறைப்பித்தன்:
இது ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு: நார்வேயின் ஸ்லெய்ப்னர் கடல் எரிவாயு வயலில் 1996 முதல் நடக்கிறது. அங்கே எடுக்கும் எரிவாயுவில் 9 சதவீதம் வரை கரியமில வாயு. விற்க வேண்டுமானால் 2.5க்குக் கீழே இறக்கியாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விடாமல், கடலடியில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு மேலே களிப்பாறை மூடி. பல ஆண்டுகள் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் போனது. கசிந்ததாகத் தடயமில்லை.

உப்புக்காத்து:
பித்தன் சார், அதே நார்வேயோட ஸ்னோவிட் எரிவாயு வயலை ஏன் விட்டுட்டீங்க? 2008ல புதைக்க ஆரம்பிச்சாங்க, அழுத்தம் எகிறி 2011ல வேற பாறைக்கு மாத்தினாங்க. அல்ஜீரியாவுல இன் சாலா எரிவாயு வயல்? தரையே லேசா எழும்பினதைச் செயற்கைக்கோள் காட்டுச்சு. மூடிப்பாறை தாங்குமான்னு சந்தேகம் வந்து 2011ல நிறுத்திட்டாங்க. ஆஸ்திரேலியாவோட கார்கன் எரிவாயுத் திட்டத்துல ஏற்றுமதி 2016லயே ஆரம்பம், புதைக்க ஆரம்பிச்சது 2019ல. எரிவாயுவோட வர்ற கரியமில வாயுல 80 சதவீதம் புதைப்போம்னு சொன்ன வாக்கு காத்தோட போச்சு, வாயுவும்தான். அமெரிக்காவுல பிடிக்கிற கரியமில வாயுல பெரும்பங்கு பழைய கிணத்துல மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கத்தான் போகுது.

பாறைப்பித்தன்:
கார்கனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஸ்னோவிட்டில் அழுத்தம் ஏறுவதை உடனே கண்டுபிடித்து இடம் மாற்றினார்கள். இது தோல்வியா?

வயல்வரப்பு:
பாறையை விடுங்க, எனக்குப் பயம் குழாய் மேலதான். 2020 பிப்ரவரி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூர். கனமழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கிவிடும். கார் எஞ்சின்கள் அணைந்தன, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நம்ம ஊர் வழியாக அப்படி ஒரு குழாய் போனால் சம்மதிப்பீங்களா?

பாறைப்பித்தன்:
ஊருக்குள் போகக் கூடாது, சரி. ஆனால் சிமென்ட்டுக்கு என்ன வழி? சுண்ணாம்புக்கல்லைச் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வரும். அதனால்தான் நார்வேயின் பிரேவிக் ஆலையில் வருடம் 4 லட்சம் டன் பிடிக்கும் அளவுக்குக் கருவி வைத்திருக்கிறார்கள். கப்பலில் கொண்டுபோய்க் கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துவது 2025 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது.

உப்புக்காத்து:
சிமென்ட்டுக்கு மட்டும்னா நான் ஏன் சண்டைக்கு வரேன்? இதையே காட்டி நிலக்கரி அனல்மின் நிலையத்தோட ஆயுளையும் நீட்டுறாங்களே! பிடிக்கிற கருவியே அந்த நிலையத்து மின்சாரத்துல ஒரு பங்கைத் தின்னுடும். இன்னொண்ணு, ஸ்லெய்ப்னர்ல ஆசைப்பட்டா புதைச்சாங்க? 1991லயே நார்வே கார்பன் வரி போட்டுச்சு. காத்துல விட்டா காசு கட்டணும். வரி போடாத நாட்டுல எவன் சார் சொந்தச் செலவுல குழி தோண்டுவான்?