கனடாவுக்கு பால் வால்வு (பந்து வால்வு) ஏற்றுமதி: சி.ஆர்.என். (கனடா பதிவு எண்) வாங்க என்னென்ன வேண்டும்?

கோவை_வால்வ்:
அரை இன்ச் முதல் 8 இன்ச் வரை பால் வால்வு செய்கிறோம். அழுத்த வகுப்பு கிளாஸ் 150, 300. பாடி டபிள்யூசிபி (கார்பன் ஸ்டீல்), சிஎஃப்8எம் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து பார்ட்டி சி.ஆர்.என். இல்லாமல் சரக்கு எடுக்க முடியாது என்கிறார். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ், ஏபிஐ 6டி (பைப்லைன் வால்வுக்கான அமெரிக்கச் சான்று) இரண்டும் இருக்கிறது. அது போதாதா? சைஸுக்கு ஒரு நம்பர் வாங்கணுமா?

பைப்பிங்_மணி:
போதாது சார். ஏபிஐ மோனோகிராம் (ஏபிஐ முத்திரை) சி.ஆர்.என்.னுக்கு ஈடாகாது. சிஎஸ்ஏ பி51 (கனடாவின் பாய்லர், பிரஷர் வெசல் விதித்தொகுப்பு) படி வால்வு 'சி' வகை ஃபிட்டிங். ஒரே டிசைன் சீரிஸ் என்றால் எல்லா சைஸும் ஒரே நம்பரில் அடங்கிவிடும். ஆல்பர்ட்டாவில் ஏபிஎஸ்ஏ-விடம் (அங்கு பிரஷர் சாதனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு) விண்ணப்பம். கூடவே டிராயிங், ரேட்டிங் (எந்த வெப்பத்தில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது), மெட்டீரியல் விவரம், ஏபி-41 உறுதிமொழிப் படிவம். அதில் கம்பெனியின் பொறுப்பான அதிகாரி நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்துப் போடணும்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் முகவரியால்தான். ஐஎஸ்ஓ சான்றிதழில் ஹெட் ஆபீஸ், படிவத்தில் ஃபேக்டரி என்று இருந்தால் கேள்வி வரும். வால்வு தயாராகும் இடமே சான்றிதழில் இருக்கட்டும். அடுத்தது ரேட்டிங். பி16.34-இல் (வால்வுக்கான ஏஎஸ்எம்இ தரநிலை) டபிள்யூசிபி கிளாஸ் 150 பாடிக்கு 38 டிகிரி செல்சியஸில் 19.6 பார், 200 டிகிரியில் 13.8 பார். அது பாடிக்கு மட்டும். டெஃப்லான் சீட் (பந்து உட்காரும் வளையம்) எவ்வளவு தாங்குமோ அதுவும் கேட்டலாக்கில் தெளிவாக வேண்டும்.

குளிர்_நாடு:
ஒன்று விட்டுப்போச்சு. டபிள்யூசிபி-க்கு கீழ் எல்லை மைனஸ் 29 டிகிரி. ஆல்பர்ட்டா குளிர்காலம் அதையும் தாண்டும். வெளியில் நிற்கும் லைனுக்கு எல்சிசி (குளிர் தாங்கும் கார்பன் ஸ்டீல்) கேட்பார்கள், அது மைனஸ் 46 வரை. இந்த விண்ணப்பத்திலேயே எல்சிசி-யைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்த்தால் மறுபடி ரிவ்யூ, மறுபடி கட்டணம்.

நம்பர் 0சி12345.2 மாதிரி வரும். கடைசி 2 ஆல்பர்ட்டா. ஒன்டாரியோவுக்கு 5, கியூபெக்குக்கு 6. ஒரு மாகாணத்தில் பதிந்தது இன்னொன்றில் தானாகச் செல்லாது. ஃபிட்டிங் பதிவு 10 வருஷம்தான். முடியும் முன்பே புதுப்பிக்கணும்.

கோவை_வால்வ்:
நன்றி. அதே ஆர்டரில் ஒய் ஸ்ட்ரெய்னரும் (லைனில் குப்பை வடிகட்டுவது), ஒரு சின்ன பிரஷர் பாட்டும் (அழுத்தம் தாங்கும் சின்ன கலன்) இருக்கு. இதிலேயே சேர்க்கலாமா?

பைப்பிங்_மணி:
முடியாது. ஸ்ட்ரெய்னர் 'இ' வகை, தனி விண்ணப்பம். பிரஷர் பாட்டின் உள்விட்டம் 152 மி.மீ.-க்குள் என்றால் 'ஹெச்' வகை ஃபிட்டிங்காகப் போகலாம். அதற்கு மேல் போனால் அது பிரஷர் வெசல். யூ ஸ்டாம்ப் (ஏஎஸ்எம்இ-யின் வெசல் தயாரிப்பு முத்திரை) உள்ள ஷாப், டிராயிங், கணக்கு எல்லாம் வேண்டும். பிளேட் வெட்டும் முன்பே அனுப்பிவிடுங்கள். வெல்டிங் முடிந்தபின் நாசில் ரீபேட் (குழாய் சேரும் இடத்தில் வைக்கும் வலுவூட்டும் தகடு) போதாது என்று ரிவ்யூவில் வந்தால் வேலை முழுக்கத் திரும்பும்.