எலும்பு ஸ்கேன் ஊசியின் கதிரியக்கம் எப்போது தீரும்?

கேள்வி:
என் தாயாருக்கு நேற்று எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். டெக்னீசியம்-99எம் கலந்த ஊசியைப் போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் கழித்தே படம் பிடித்தார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம் என்றால், 12 மணி நேரத்தில் முழுவதும் தீர்ந்துவிடுமா? இவ்வளவு விரைவில் தேயும் பொருளை எப்படி இருப்பு வைக்கிறார்கள்?

மறுமொழி 1:
தீராது. ஒவ்வொரு 6 மணி நேரத்திலும் எஞ்சியிருப்பதில் பாதிதான் குறையும். ஆகவே 12 மணி நேரத்தில் கால் பங்கும், 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கும் மிஞ்சும். சிறுநீரில் வெளியேறுவது தனிக் கணக்கு.

மறுமொழி 2:
இருப்பு வைப்பது டெக்னீசியத்தை அன்று, அதன் தாய் ஐசோடோப்பான மாலிப்டினம்-99ஐ. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட அது, ஈயக் கவசத்துக்குள் அலுமினா நிரப்பிய சிறு குழாயில் ஒட்டிக்கொண்டு, பீட்டா துகளை உமிழ்ந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் பிரிந்து கரைந்து வரும். இதைப் பால் கறப்பது என்றே அத்துறையினர் சொல்வார்கள். இன்று காலை கறந்தால் நாளைக் காலை மடி மீண்டும் நிறைந்திருக்கும். ஆனால் ஒரு வாரம் போல் ஆனதும் பசு வற்றிவிடும், புதியதை வரவழைக்க வேண்டும்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு ஒன்று சேர்க்கிறேன். காமா கதிரை வெளியிட்ட அணு மறைந்துவிடுவதில்லை; 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99 ஆகிறது. ஆண்டுக்கணக்கைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அத்தனை மெதுவாகச் சிதைவதால்தான் அதன் கதிர்வீச்சு மிகமிகச் சொற்பம்.