மறு: ப்ரொக்ஸி கோப்பைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். நாம் தமிழாக்கும் காணொளித் தொகுப்பு மென்பொருளில் வரும் ப்ரொக்ஸி (proxy) பற்றித்தான் பேச்சு. பெரிய காணொளியை வெட்டித் தொகுக்கும்போது மட்டும் அதற்குப் பதில் ஓடும் சின்னக் கோப்பு அது.

> பதிலி என்ற சொல்தான் ஏற்கெனவே இருக்கிறதே. ப்ரொக்ஸி சேவையகத்துக்கு வைத்ததையே காணொளித் தொகுப்புக்கும் வைத்தால் என்ன?

போன மாதம் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாசியில் எங்கள் மலையகத் தோட்டத்துக் காமன் கூத்தை (மன்மதன் எரிந்த கதையாட்டம்) மச்சான் தன் போனில் 4கே தரத்தில் எடுத்தார். ஹட்டனில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய மடிக்கணினியில் போட்டோம். தப்பு மேளச் சத்தம் ஒழுங்காகக் கேட்கிறது, தப்படிக்கிறவரின் கை மட்டும் மேலேயே நிற்கிறது. நாலைந்து அடி கழித்து அந்தக் கை கீழே வரும்போது, ரதி வேடக்காரர் அடுத்த சுற்று ஆட்டத்துக்குப் போய்விட்டார். இப்படி ஓடினால் எந்த இடத்தில் வெட்டுவது?

4கே சட்டகம் (frame) ஒன்றில் 3840 × 2160, அதாவது 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள். செக்கனுக்கு 30 சட்டகம் என்றால் ஒவ்வொன்றையும் விரித்துக் காட்ட 33 மில்லிசெக்கன்தான் கிடைக்கும். அதைவிடப் பெரிய பாரம் எச்.264, எச்.265 போன்ற சுருக்க முறைகளில் இருக்கிறது. அவை எப்போதாவது ஒரு சட்டகத்தைத்தான் முழுதாகச் சேமிக்கும். இடையில் வருபவற்றில் மாறிய பகுதிகளே இருக்கும். நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், கணினி அதற்கு முன் வந்த முழுச்சட்டகத்துக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். முன்னோட்டத் தரத்தைக் குறைத்துப் பார்த்தோம், கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். மூலக்கோப்பைப் பிரித்துப் படிக்கிற வேலை அப்படியே இருந்தது.

அப்புறம்தான் ப்ரொக்ஸி. 960 × 540 அளவில், ஒவ்வொரு சட்டகமும் தனித்து நிற்கும் மோஷன் ஜேபெக் வடிவத்தில் மென்பொருளே சின்னக் கோப்புகளைச் செய்துகொண்டது. புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. தப்பும் கையும் சேர்ந்தன.

மச்சானுக்கு இதைப் ‘பதிலி’ என்று சொல்லிக்கொடுத்தேன். மூலத்துக்குப் பதில் இனி இதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். சொல் அப்படித்தானே சொல்கிறது? வெளியிடும்போது ப்ரொக்ஸியிலிருந்தே எடுக்கும்படி ஒரு பெட்டியைத் தெரிவுசெய்துவிட்டார். தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால் காமன் தகனத்தின் நெருப்பு ஒரே மங்கல். மூலக்கோப்பு அழியாமல் இருந்ததால் தப்பித்தோம்.

ஆகவே எனக்கு வேண்டிய சொல், இது வேலை நேரத்துக்கு மட்டும் என்பதைச் சொல்ல வேண்டும். கூத்துக்காரர்கள் ஒத்திகையில் கிரீடமும் ஒப்பனையும் போடுவதில்லை. ஆனால் அடவும் இடமும் அங்கேயே முடிவாகிவிடும். அரங்கேற்றத்தில் அதே அடவு, முழு வேடத்தோடு. ப்ரொக்ஸி செய்வதும் இதே வேலைதான், வெட்டெல்லாம் சின்னக் கோப்பில், வெளியீடு மூலத்தில்.

முதலில் ‘ஒத்திகைப்படி’ என்று எழுதிப் பார்த்தேன். பொத்தானில் தனியாக நின்றால் ‘சட்டப்படி’ போல ஒலிக்கிறது, விட்டுவிட்டேன். ‘ஒத்திகைப் பிரதி’ என்றால் நம் நாடகக்காரர்கள் எழுத்துப் பிரதியைத்தான் நினைப்பார்கள். குழுவில் இன்னொருவர் சொன்ன ‘நிழற்பிரதி’ அழகான சொல், ஆனால் இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் அது போட்டோக் கொப்பி. மிஞ்சியது ஒத்திகை நகல்.

> நகல் தமிழ்ச் சொல் அல்லவே.

உண்மை. ஆனாலும் அசல், நகல் என்ற சோடி எல்லார் வாயிலும் இருக்கிறது. எதிர்ச்சொல்லையும் கையோடு தருவதால் அதை விட எனக்கு மனமில்லை. உருவாக்கு, அழி, பயன்படுத்து எல்லாம் இடறாமல் ஒட்டுகின்றன.

படம் விட்டு விட்டு ஓடுவதற்குத் ‘தடங்கல்’ என்று வைத்திருக்கிறோம். தடங்கல் வெளியிலிருந்து வருவது. இங்கே கணினிக்கே மூச்சு வாங்குகிறது, ‘திணறல்’ என்று மாற்றலாம்.

அந்தப் பெட்டிக்கு ‘ஒத்திகை நகலிலிருந்தே வெளியிடு’ என்று எழுதி, நேற்று மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். “ஒத்திகைய எதுக்கு வெளியில விடணும்?” என்று கேட்டார்.