உயர்நிலை ஜெர்மன் வகுப்பில் தமிழ் கைகொடுத்ததும் கைவிட்டதும்

தொடக்கப் பதிவு:
கல்லூரியில் பி2 நிலையை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் மேல் இடைநிலை; அடுத்தது சி1) தாண்டி ஜெர்மன் படித்தவர்கள், உங்களைத் தடுமாற வைத்த ஒரு தருணத்தை விரிவாக எழுதுங்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர், டி, டாஸ் பற்றிய புலம்பல் மட்டும் வேண்டாம். அதை எல்லோரும் புலம்பித் தீர்த்தாயிற்று.

தில்லியில் முதுகலை படித்தவர்:
இளங்கலையை முடித்துவிட்டு முதுகலையில் சேர்ந்தபோது, இலக்கணம் என்று இனிப் படிக்க எதுவும் மிச்சமில்லை என்றே நினைத்திருந்தேன். முதல் பருவத்தில் ஒரு நாளிதழ்க் கட்டுரையைக் கொடுத்த பேராசிரியர், ஆளுக்கொரு வாக்கியமாக வாய்விட்டுப் படித்து உடனே பொருள் சொல்லச் சொன்னார். என் பங்குக்கு வந்த வாக்கியம் இப்படித் தொடங்கியது: 'டாஸ் இம் ஃபெர்காங்கெனென் யார் ஃபோம் பார்லமென்ட் ஃபெர்அப்ஷீடெட்டெ கெஸெட்ஸ்'. நான் வழக்கம்போல அதை மனத்துக்குள் ஆங்கிலமாக்க முயன்றேன். 'டாஸ்' என்பதற்குரிய பெயர்ச்சொல்லோ ஆறு சொற்களுக்கு அப்பால் நின்றது. கண் முன்னும் பின்னுமாக ஓடி, எதை எதனோடு கோப்பது என்று நான் விளங்கிக்கொள்வதற்குள், பக்கத்தில் இருந்தவரிடம் வாக்கியம் போய்விட்டது.

அன்றிரவு விடுதியில் அதே வரியை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன். அந்த, சென்ற ஆண்டில், நாடாளுமன்றத்தால், நிறைவேற்றப்பட்ட, சட்டம். அவர்களுடைய முன்னிடைச்சொல் நம்மிடம் வேற்றுமை உருபாகப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது என்பதைத் தவிர, எதையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நம்முடைய பெயரெச்சத் தொடர்தான் அது. ஜெர்மானியர்கள் பேச்சில் இதைப் பெரும்பாலும் தவிர்த்து, சட்டத்துக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் செய்தித்தாளுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டிலோ 'நேற்றுச் சந்தையில் வாங்கின கத்தரிக்காய்' என்று அடுப்படியிலேயே அது புழங்குகிறது. பாடநூல்களில் சி1 நிலைக்கென்று வைத்திருக்கும் இந்த அமைப்பை, அதுவரை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்ததுதான் என் தவறு. பிறகு துணைவாக்கியங்களின் இறுதியில் வந்து நிற்கும் வினைச்சொல்லும் என்னை அச்சுறுத்தவில்லை. இருந்தாலும் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்துக்குத் தாவிவிடும் என்பதைப் பேசும்போது இன்றும் சில சமயம் மறந்துவிடுகிறேன்.

புனேயில் இளங்கலை படித்தவர்:
எனக்கு நேர்ந்தது எழுத்தில். மூன்றாம் ஆண்டில் ஒரு பொருளியல் கட்டுரையைச் சுருக்கி எழுதும் பயிற்சி கொடுத்தார்கள். கட்டுரையாளர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் 'இஸ்ட்' (இருக்கிறது), 'ஹாட்' (கொண்டிருக்கிறது) என்று நேரடியாகவே எழுதியிருந்தேன். திருத்தி வந்த தாளின் ஓரத்தில், நான்கு இடங்களில், சிவப்பு மையில் ஒரே கேள்வி இருந்தது: 'வேர் ஸாக்ட் டாஸ்?' யார் சொல்கிறார் இதை? பிறர் கூற்றைத் தெரிவிக்கும்போது வினையை கொன்யுங்க்டிவ் ஒன்று என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை விதியாக நான் அறிந்திருந்தேன், ஆனால் அதன் தேவையை உணர்ந்திருக்கவில்லை. 'இஸ்ட்' என்பது 'ஸை' ஆகிவிட்டால், 'அவர் கூறினார்' என்று வரிக்கு வரி சொல்லாமலேயே ஒரு பத்தி முழுவதையும் அடுத்தவர் பேச்சாக நிறுத்திவிட முடிகிறது.

மேலே எழுதியவரைப் போலவே எனக்கும் வழி தமிழில்தான் கிடைத்தது. 'அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம்' என்பதில் அந்த 'ஆம்' செய்யும் வேலையைத்தான் 'ஸை' செய்கிறது. ஆனால் நம் 'ஆம்' என்பதில் கொஞ்சம் ஐயமோ கேலியோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். கொன்யுங்க்டிவ் ஒன்று எந்தப் பக்கமும் சாயாதது. ஐயத்தைக் காட்ட விரும்பினால் அவர்கள் 'அன்கேப்லிஷ்' போன்ற வேறு சொல்லைத் தேடிக்கொள்கிறார்கள். பன்மையில் 'ஹாட்' என்பதற்கு வரும் 'ஹாபென்' இயல்பான வடிவிலும் கொன்யுங்க்டிவ் ஒன்றிலும் ஒன்றாகவே இருப்பதால், குழப்பம் வராமலிருக்க அங்கே 'ஹெட்டென்' வர வேண்டும். இதை மட்டும் நான் மனப்பாடம்தான் செய்தேன்.

ஜெர்மனியின் லைப்சிக்கில் படிக்கிறவர்:
இருவரும் சொல்வதை ஏற்கிறேன். 'டூ கொம்ஸ்ட் டோஹ் மிட்?' என்பதை 'நீயும் வருகிறாய்தானே?' என்று கேட்டுக்கொண்ட நாளிலிருந்து, பலர் அஞ்சும் அந்தச் சிறு இடைச்சொற்கள் எனக்குத் தொல்லை தரவில்லை. ஆனால் அதே 'டோஹ்' விடையாக வருகிற இடத்தில், தமிழ் என்னைக் காலை வாரிவிட்டது. வந்த புதிதில், பேராசிரியர் மாணவர்களைத் தனித்தனியாகச் சந்திக்கும் நேரத்தில் அவருடைய அறைக்குப் போயிருந்தேன். 'கட்டுரையை நீங்கள் படிக்கவில்லையா?' என்று அவர் கேட்டார். நான் உண்மையாகவே படித்திருக்கவில்லை. 'ஆமாம், படிக்கவில்லை' என்று நாம் சொல்வதுபோல, தயங்கியபடி 'யா' என்றேன். படிக்கவில்லை என்றால் 'நைன்' (இல்லை) என்றும், படித்தேன் என்று மறுப்பதானால் 'டோஹ்' என்றும் சொல்ல வேண்டும்; வெறும் 'யா' எதிர்மறைக் கேள்விக்குத் தெளிவான விடையாகாது. அவர் அதைத் தமக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டு, மகிழ்ச்சியாகத் தலையசைத்து, அந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியைப் பற்றி என் கருத்து என்ன என்று கேட்டார்.