பலெர்மோவில் நீங்கள் சந்தித்தவர்கள் யார்?

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் தேவாலயங்கள், அரண்மனைகள் என்று பெரிய பட்டியலே கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒரு மலையையும், அதில் ஏறும்போது சந்தித்த ஒரு குடும்பத்தையும் பற்றி. அங்கே போய் வந்தவர்கள், உங்களுக்கு நினைவில் நிற்கிற மனிதர்களைப் பற்றி எழுதுங்கள்.

நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பலில் போனேன். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் கிரேக்கர்கள் 'பனோர்மோஸ்', அதாவது முழுக்கவே துறைமுகம், என்று பெயர் வைத்த ஊருக்குக் கடல் வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை. விடியற்காலையில் மேல்தளத்துக்கு வந்தால், வலது பக்கம் ஒரு மலை மட்டும் தனியாகக் கடலோரத்தில் எழுந்து நிற்கிறது. மொன்தே பெல்லெக்ரினோ. உயரம் சுமார் 600 மீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழும்புவதால் ரொம்பப் பெரிதாகத் தெரியும். 1787ல் ஜெர்மன் கவிஞர் கதே இதே வழியில் கப்பலில் வந்தார். உலகத்திலேயே அழகான கடல்முனை என்று இந்த மலையைத்தான் எழுதினார். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி மலையைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு "சாந்துத்சா" என்றார். குட்டிப் புனிதை என்று பொருள். ஊர்க்காரர்கள் சாந்தா ரொசாலியாவை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

கதை இதுதான். 1624ல் துனிசிலிருந்து வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோயும் இந்தத் துறைமுகத்தில் இறங்கியது. சிசிலியை ஆண்ட ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியே அதில் இறந்துபோனார். அதே ஆண்டில் மலைக் குகையொன்றில் எலும்புகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் உயர்குடியில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மலையில் தனியாகத் தவமிருந்த ரொசாலியாவின் எலும்புகள் அவை என்று நம்பினார்கள். 1625ல் அவற்றை ஊருக்குள் ஊர்வலமாக எடுத்துப்போனார்கள், நோய் அடங்கியது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு அவர்தான் காவல். ஜூலை 14 இரவு ஊருக்குள் பெரிய திருவிழா. செப்டம்பர் 4 அவருடைய நாள். அதற்கு முந்தின இரவிலிருந்தே மக்கள் மலையேறத் தொடங்கிவிடுவார்கள். அதை 'அக்கியானாத்தா', ஏற்றம், என்கிறார்கள்.

நான் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் போனேன். 4ஆம் தேதி அதிகாலை, இருட்டு விலகுவதற்குள் அடிவாரத்துக்குப் போய்விட்டேன். கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. அதன் பக்கத்திலும் குறுக்கேயும் தார்ச்சாலை வரும், பேருந்து போகும், ஆனால் நேர்ந்துகொண்டவர்கள் பழைய பாதையில்தான் நடக்கிறார்கள். சிலர் வெறுங்காலோடு. ஒரு இளைஞர் முழங்காலால் கொஞ்ச தூரம் போனதையும் பார்த்தேன்.

இரண்டாவது திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, பின்னாலிருந்து காதில் விழுந்தது: "மாமி, மெதுவா வாங்கோ, அவசரமில்லை."

திரும்பினேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா, கையில் செருப்பு. அவருடைய மாமியார், நெற்றியில் விபூதி. பின்னால் தண்ணீர் போத்தல்களைச் சுமந்துகொண்டு ஒரு பையன்.

"நீங்கள் தமிழோ?" என்று அக்காதான் முதலில் கேட்டார். திருச்சி என்றேன். "நாங்கள் யாழ்ப்பாணம், தம்பி. இப்ப பலெர்மோ."

சிசிலியில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த ஊரில் தங்கிவிட்டார்கள். ஆனால் அந்த மலையில், அந்த நேரத்தில் தமிழ் காதில் விழும் என்று நினைக்கவே இல்லை. அக்காவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "இண்டைக்கு மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமையில வந்து பாருங்கோ, எங்கட சனம்தான் கூட" என்றார்.

மீதி வழியெல்லாம் அவர்களோடுதான் நடந்தேன். அவர் 90களில் வந்தவர். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வீடுகளில். கணவர் ஒரு உணவகத்துச் சமையலறையில். "இவன் பிறக்கேக்க எனக்குச் சரியான வருத்தம். நான் வேலை செய்த வீட்டு அம்மாதான் சொன்னவா, சாந்துத்சாவிட்டக் கேள் எண்டு. நேர்த்தி வைச்சனான். ரெண்டு பேரும் பிழைச்சிட்டம். அண்டைக்கிலயிருந்து ஒரு வருசமும் விட்டதில்லை."

இந்துவான உங்களுக்கு இது வேறு மதமாகத் தோன்றவில்லையா என்று கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார். "எங்கட ஊரில கொள்ளை நோய் வந்தா முத்துமாரியிட்டப் போறதில்லையோ? இவையளுக்கு இவ. குகைக்குள்ள இருக்கிறா, மலையில இருக்கிறா, கேட்டதைக் குடுக்கிறா. பேர்தான் வேற."

மேலே போனதும் ஒரு தேவாலய முகப்பு, அதற்குப் பின்னால் குகை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் மேல் விழாமல் இருக்க, கூரை முழுக்கத் தகரக் கால்வாய்கள் கிளைகிளையாக ஓடி அந்த நீரைச் சேர்த்து இறக்குகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கிற ரொசாலியாவின் சிலை. பக்கத்தில் வெள்ளியில் செய்த கால், கை, இதயம். குழந்தைகளின் புகைப்படங்கள். உடலுறுப்பு வடிவில் வெள்ளிக் காணிக்கை போடுவது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே, பார்த்த உடனே புரிந்துவிட்டது. மாமியார் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்ற சிசிலிப் பாட்டியும் கையை முத்தமிட்டு அதே கண்ணாடியைத் தொட்டார். இரண்டு பேரும் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் சாப்பிட்டோம். பையன் வழியில் போன நண்பர்களோடு பலெர்மோ பேச்சில் கத்திக் கத்திப் பேசிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் "அண்ணா, இன்னும் கொஞ்சம் போடவோ?" என்று கேட்டான்.

அடுத்த நாள் அக்கா பல்லாரோ சந்தைக்கு அழைத்துப் போனார். அரபுக் காலத்திலிருந்தே நடக்கிறது என்று சொல்லும் சந்தை. மீன்காரர்கள் ராகம் போட்டுக் கூவுவார்கள். கத்தரிக்காய், புதினா, வாளைமீன் மாதிரி நீளமான வெள்ளி மீன்கள். அங்கே பனெல்லே சாப்பிடாமல் வராதீர்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் களி மாதிரிக் கிண்டி, ஆறவைத்து, மெல்லியதாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் பசியே வராது. ஆனால் பன்னுக்குள் மண்ணீரல் வைத்துத் தருகிற கடையும் பக்கத்திலேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கட்டடங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட நார்மன் அரசர்கள் கட்டிய சீசா என்ற அரண்மனையில் இப்போது அருங்காட்சியகம். அங்கே 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று. அன்னா என்ற தாய்க்கு, அரசவையில் இருந்த மகன் வைத்தது. ஒரே செய்தி லத்தீனில், கிரேக்கத்தில், அரபியில், எபிரேய எழுத்தில் எழுதிய அரபியில். ஊரில் யார் வந்து படித்தாலும் புரியட்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறான். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

* * *

மலையேறிய உங்களைப் போல் இல்லை, எனக்குக் கிடைத்தது ஒரே பகல். சொகுசுக் கப்பல் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிட்டது. கூட்டத்தோடு பேருந்தில் மொன்ரியாலே போய், சுவர் முழுக்கத் தங்க மொசைக் இருக்கும் அந்தப் பேராலயத்தைப் பார்த்தேன். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மனதில் நிற்பது வேறு.

மதியம் தனியாக நடந்து, சான் லொரென்சோ என்ற சின்ன வழிபாட்டுக் கூடத்துக்குள் போனேன். சுவரெங்கும் வெள்ளைச் சுதையில் செதுக்கிய குழந்தைகள், பெண்கள். பீடத்துக்கு மேலே இத்தாலிய ஓவியர் கராவாஜியோ வரைந்த இயேசு பிறப்பு ஓவியம். சீட்டுக் கொடுத்த அம்மாள், நான் தனியாக நிற்பதைப் பார்த்து அருகில் வந்தார். உடைந்த ஆங்கிலத்தில், அது உண்மையான ஓவியம் அல்ல என்றார். 1969 அக்டோபரில் ஒரு இரவு திருடர்கள் துணியை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது 2015ல் வைத்த நகல்.

"அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா அழுதாள். ஓவியம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி அழுதாள்" என்றார். பிறகு நகலைக் காட்டி, "இதற்கும் நாங்கள் பூ வைக்கிறோம்" என்றார்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் மரீனா சதுக்கத்துப் பூங்காவில் ஒரு அத்தி இன மரம் இருக்கிறது, விழுதெல்லாம் இறங்கி நம் ஆலமரம் மாதிரியே. அதன் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்தேன். ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால் இந்த இரண்டு இடத்தையும் விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான்.

* * *

நான் ஜெர்மனியில இருக்கிறன். பலெர்மோவில் எங்கட சித்தப்பா குடும்பம். முதல் பதிவைப் படிக்கும்போது சித்தி கட்டித் தந்த புட்டுப் பொதி ஞாபகம் வந்துவிட்டது.

ஜூலைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கப்பல் வடிவத் தேர், அதன் உச்சியில் ரொசாலியா. குவாத்ரோ கான்தி சந்தியில் தேர் நின்றதும் நகர மேயர் ஏறிப் பூ வைத்து, "வீவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று கூவுவார். கூட்டம் முழுவதும் திருப்பிக் கூவும். சித்தப்பா என்னைவிடச் சத்தமாகக் கூவினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது விமான நிலைய வழியைப் பற்றி. அந்த விமான நிலையத்துக்கு ஃபல்கோனே, போர்செல்லினோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயர். மாஃபியாவை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள். 1992 மே 23 அன்று கபாச்சி என்ற இடத்தில், ஃபல்கோனே வந்த நெடுஞ்சாலைக்குக் கீழே குண்டு வைத்து அவரையும் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். ஜூலை 19ல் போர்செல்லினோவையும் ஐந்து காவலர்களையும். கபாச்சியில் இப்போது சாலையின் இரு பக்கமும் சிவப்பு நிறத்தில் நினைவுத் தூண்கள். மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம், 'மாஃபியா வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்துதான் குண்டை வெடிக்க வைத்தார்கள்.

அந்த இடம் வந்ததும் சித்தப்பா வண்டியின் பாட்டை நிறுத்தினார். அவர் 1991ல் வந்தவர். "குண்டுச் சத்தம் கேக்காத இடம் எண்டு நினைச்சுத்தான் இஞ்ச வந்தனான். வந்து ஒரு வருசத்துக்குள்ள இது. திரும்ப எங்க ஓடுறது எண்டு தெரியேல்லை" என்றார். பிறகு அவர் சொன்னது எனக்கு மறக்காது. அந்த நாட்களில் பெண்கள் கட்டில் விரிப்புகளில் மாஃபியாவுக்கு எதிராக எழுதி மாடங்களில் தொங்கவிட்டார்களாம். தெருத்தெருவாக வெள்ளைத் துணி. "இந்தச் சனமும் பயந்துகொண்டே எதிர்த்து நிக்குது எண்டு கண்டன். சரி, இஞ்சயே இருப்பம் எண்டு அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான்."

2004ல் சில இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் ஒன்றின் ஒட்டிகளைக் கடைக் கண்ணாடிகளில் பார்க்கலாம். மாஃபியாவுக்கு மாமூல் தர மாட்டோம் என்று அறிவித்த கடைகள் அவை. அப்படி ஒட்டியிருக்கிற கடையில் ஒரு காப்பியாவது குடியுங்கள். சித்தப்பா அப்படித்தான் செய்கிறார்.

* * *

முதல் பதிவை எழுதியவன்தான் மறுபடியும் வருகிறேன். சித்தப்பாவின் கதையை இரண்டு முறை படித்தேன். நானும் அந்தத் தூண்களைத் திரும்பி வரும்போது பேருந்துச் சன்னலில் பார்த்தேன், யாரும் விளக்கம் சொல்லவில்லை. இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. நன்றி.

மலையேறப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பரிலும் வெயில் கொடுமை, அதனால் விடியலுக்கு முன் தொடங்குங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல் கட்டாயம். பாதைக் கல் தேய்ந்து வழுக்கும், இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால் நகரப் பேருந்தில் மேலே போய்விடலாம். குகைக்குள் தோள், முழங்கால் மூடிய உடை. உள்ளே நல்ல குளிர், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த மாமியார் குகையிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தார். "அம்மாவிட்டக் குடுங்கோ" என்றார். முழங்கால் வலிக்காரியான என் அம்மா அதைப் பூஜை அலமாரியில் சமயபுரம் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.