மே முதல் சனி தொண்டர் நாள்: 40 பேர், 40 பாத்தி, ஈரக் களிமண். என்ன செய்விக்கலாம்?

வரம்போரம்:
வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இலாப நோக்கற்ற சமூகப் பண்ணை ஒன்றின் வசந்தகால வேலைகளை இம்முறை நான் ஒழுங்கு செய்கிறேன். கால் ஏக்கர், களிமண். பாத்தி ஒவ்வொன்றும் 75 செமீ அகலம், 15 மீட்டர் நீளம். விளைச்சலில் பாதி உணவு வங்கிக்குப் போகிறது. மே முதல் சனிக்கிழமை 40 தொண்டர்கள் வருகிறார்கள். பாதிப்பேர் உயர்பள்ளி மாணவர்கள், பத்துப்பேர் வரை முதியவர்கள். அன்றைக்கே எல்லாப் பாத்தியையும் கொத்திக் கத்தரி, மிளகாய், தக்காளி நட்டுவிட முடியுமா? கூட்டெரு எவ்வளவு எடுப்பிக்க வேண்டும்? மழை பெய்தால் நாளைத் தள்ளி வைப்பதா?

மண்புழு:
நாளைத் தள்ளவேண்டாம், வேலையை மாற்றுங்கள். காலையில் 10 செமீ ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் பாத்தியில் கை வைக்கலாம். விரல் பதிந்து பளபளவென்று நின்றால் அன்று ஒருவரும் பாத்தியில் கால் வைக்கக்கூடாது. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் வரும் கட்டிகள் காய்ந்து கல்லாகிவிடும். ஓகஸ்ட் வரைக்கும் உடையாது, கரட் கிளைவிட்டுக் கோணும். நாற்பது பேரின் கால் மிதித்த மண்ணைத் திரும்ப இளக்க ஒரு பருவம் போதாது.

மண் காய்ந்திருந்தாலும் புரட்டிக் கொத்தவேண்டாம். ப்ராட்ஃபோர்க்கை (இரண்டு கைப்பிடியும் நீண்ட முட்களும் உள்ள அகலமான கருவி) குத்தி, கைப்பிடியைப் பின்னுக்குச் சாய்த்து இளக்கினால் போதும். பிறகு மேலே கூட்டெரு. 2.5 செமீ கனத்துக்குப் பரப்பினால் ஒரு பாத்திக்கு 0.28 கன மீட்டர், அதாவது குவித்து நிரப்பிய தள்ளுவண்டியில் இரண்டு நடை. 40 பாத்திக்கும் 12 கன மீட்டர் எடுப்பியுங்கள். லொறி குவியலைப் பண்ணை வாசலில் கொட்டிவிட்டுப் போனால் நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். பாத்திகளின் நடுவழியில் இரண்டு இடத்தில் கொட்டச் சொல்லுங்கள், வண்டி ஓடும் பாதையில் ஒட்டுப்பலகை போடுங்கள்.

மண் ஈரமாக இருந்தால் பாத்திக்கு வெளியே வேலை நிறைய உண்டு: நடைபாதைக்கு 10 செமீ மரச்சீவல், நாற்றுத்தட்டு கழுவுதல், பந்தல் கம்பு ஊன்றுதல், சொட்டுநீர்க் குழாய் சரிபார்த்தல். குழாயின் முனையை அடைக்கமுன் ஒரு நிமிடம் தண்ணீரைத் திறந்து விடுங்கள். குளிர்காலத்தில் உள்ளே போன மண் வெளியேறாவிட்டால் துளைகள் அடைபடும். பனியில் வெடித்த இணைப்புகளும் அப்போதுதான் தெரியும்.

கத்தரிக்காரி:
தம்பி, மே முதல் சனிக்குக் கத்தரி நடுற எண்ணத்தை விடுங்கோ. ரொறன்ரோவில மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனி விழலாம். தக்காளிக்கு விக்டோரியா நாள் (மே 25க்கு முந்தின திங்கள்) கழியட்டும். கத்தரி, மிளகாய்க்கு இரவு 12 பாகைக்குக் கீழ போகாத நாள் பாக்கோணும், அது அநேகமா ஜூன் முதல் வாரம். குளிர்ல நட்ட கத்தரி சாகாது, ஆனா விறைச்சுப்போய் நிக்கும். ரெண்டு கிழமை பிந்தி நட்ட கண்டு அதை முந்திப்போடும்.

அண்டைக்கு நடக்கூடியது இருக்கு: பட்டாணி, ஸ்பினாச் (நம்மட பசளிக்கீரை இல்லை), முள்ளங்கி, வெங்காயம், உருளைக்கிழங்கு. கிழங்கு விதை ஒண்டு 50 கிராம், ரெண்டு முளையாவது இருக்கோணும், 30 செமீக்கு ஒண்டு. ஒரு பாத்திக்கு ஒரு வரிசை, 50 துண்டு, ரெண்டரைக் கிலோ. பிள்ளைகளுக்கு நல்ல வேலை, பிழை விடுறதும் குறைவு.

வெளியில வைக்கமுன் நாற்றைப் பழக்கோணும். முதல் நாள் நிழல்ல ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி 7 - 10 நாள். நேர வெயில்ல வைச்சா இலை வெள்ளையா வெந்துபோகும். நட்ட அண்டைக்கே கத்தரிக்கு மெல்லிய மூடுதுணி போட்டு ஓரத்தை மண்ணால மூடுங்கோ. இல்லாட்டி ஃப்ளீ பீட்டில் எண்ட சின்னக் கறுப்பு வண்டு ரெண்டு நாளில இலையைச் சல்லடையாக்கிப்போடும். பூ வரேக்க துணியை எடுத்துவிடுங்கோ. வெண்டி, பாகல் மண் 20 பாகைக்கு மேல சூடாகினாப் பிறகுதான்.

தொண்டர்_ஏடு:
ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன், பெரும்பாலான பண்ணைகளில் சறுக்குவது இதில்தான். 40 பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தி விளக்கம் சொன்னால் பத்துப்பேர் வேலை செய்வார்கள், முப்பதுபேர் நின்று பார்ப்பார்கள். 6 அல்லது 7 பேருக்கு ஒரு தலைவர், ஒரு குழுவுக்கு ஒரே வேலை. தலைவர்களை முதல் நாளே வரச்சொல்லி அந்த வேலையைச் செய்து பார்க்க வையுங்கள்.

ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூக சேவை கட்டாயம் என்பதால் மாணவர்கள் கையொப்பத்துக்கு வருவார்கள். அது குறையல்ல. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஏட்டில் எழுதி, போகும்போதே கையொப்பம் போட்டுக் கொடுங்கள். ஜூனில் தேடி வந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம். அதன்பிறகு கண்டுகள் மிதிபடும்.

முதியவர்களை நிழலில் உட்கார்த்தி வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புவது அவமதிப்பு. இடுப்பளவு மேசை, முதுகு சாயக் கதிரை, நாற்று மாற்றும் வேலை கொடுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து சீராகத் தூவுவதை அவர்களிடமே பிள்ளைகள் பழகட்டும்.

ஸ்காபரோவின் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி உண்டு, 4 பாகை தாண்டினாலே நடமாடும். முழுக்காற்சட்டையைக் காலுறைக்குள் விடச் சொல்லுங்கள், வீட்டில் முழங்கால் மடிப்பையும் தலைமயிரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரம்போரம்:
எல்லோருக்கும் நன்றி. கூட்டெருவுக்குப் பதில் பக்கத்துக் குதிரைப் பண்ணைச் சாணம் இலவசமாகத் தருகிறார்கள். பரப்பலாமா?

மண்புழு:
பச்சைச் சாணம் என்றால் இப்போது வேண்டாம். மண்ணில் படும் கீரை, முள்ளங்கி போன்றவற்றை அறுக்க 120 நாள் முன்பாவது அது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மேயில் போட்டால் செப்டெம்பர் வரை அந்தப் பாத்தியில் கீரை பிடுங்க முடியாது. உணவு வங்கிக்குப் போகிற பயிர் என்பதால் இதில் சலுகை கொடுக்காதீர்கள். வாங்கி ஒரு மூலையில் குவித்து, வைக்கோலோடு கலந்து மூடி வைத்துவிட்டு ஒக்டோபரில் பரப்புங்கள். முதலில் இன்னொன்றைக் கேளுங்கள்: குதிரைகள் தின்ற வைக்கோலுக்குக் களைகொல்லி அடித்தார்களா? சில மருந்துகள் குதிரையின் வயிற்றையும் குவியலையும் தாண்டி வந்து தக்காளி இலையைச் சுருட்டும். உறுதியாகப் பதில் கிடைக்காவிட்டால், ஒரு சாடியில் அந்த எருவில் அவரை விதை போட்டு மூன்று கிழமை பாருங்கள். இலை கிண்ணம்போல மடிந்தால் அந்த எருவை ஏற்றி வந்துவிடாதீர்கள்.