முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின்: பழைய டீசல் ஹைஏஸ் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்

தட்டோனிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். பழைய டீசல் ஹைஏஸ் வேன் வாங்கலாமா, நம்ம பர்மா மழைக்கும் ரோட்டுக்கும் தாங்குமா என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனியாகவே எழுதுகிறேன். உங்கள் வண்டியில் நடந்ததையும் கீழே எழுதுங்கள், தம்பிக்கு உதவும்.

என் வண்டி டொயோட்டா ஹைஏஸ், 1994 மாடல். 1989இல் வந்து 2004 வரைக்கும் ஜப்பானில் விற்ற 100 வரிசை பாடி. இன்ஜின் 3எல்: நாலு சிலிண்டர், 2,779 சிசி, டர்போ கிடையாது. பெல்ட்டில் ஓடும் ஒரே கேம் ஷாஃப்ட், அது திறந்து மூடும் எட்டு வால்வு. டீசலை அளந்து தள்ளுவது முழுக்க மெக்கானிக்கல் பம்ப். இன்ஜின் அணைவதற்கு அந்தப் பம்பில் ஒரு சின்ன சொலினாய்டு (மின்சாரம் வந்தால்தான் டீசலைத் திறந்துவிடும் வால்வு) இருக்கிறது, அதற்குப் போவது ஒரே ஒயர். வண்டி திடீரென்று நின்று, செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை என்றால் முதலில் அந்த ஒயரைத்தான் பார்ப்பேன். ஒருமுறை பிலின் பக்கம் மழையில் அதன் முனை அரித்துப் போய் நின்றது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்ததும் ஓடிவிட்டது. வீடு வந்து சேரும் வரை அப்படியேதான் ஓட்டினேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

2016 ஆனி மாதம். யாங்கூனில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர், விடியற்காலை கிளம்பினோம். சாய்ட்டோ தாண்டி சித்தாங் பாலத்துக்கு முன்னால் மழை அடித்து ஊற்றுகிறது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஸ்பேர் பையன் (டிரைவருக்கு உதவியாக வருபவன்), "அண்ணே, கால்கிட்ட சூடா ஆவி வருது" என்றான். நான் இன்ஜின் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தேன். முள் பாதிக்கும் கீழே, எப்போதும் நிற்கும் இடத்தை விட இறங்கித்தான் இருந்தது. இன்ஜின் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, மழைத் தண்ணீர் சைலன்சரில் பட்டு ஆவியாகிறது என்று நினைத்து இன்னும் ஒரு மைல் ஓட்டினேன். அந்த ஒரு மைல் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அப்புறம் ஒரு தித்திப்பு வாடை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிச் சிந்தினால் வரும் அதே வாடை. ஓரம் கட்டி, எல்லோரையும் ஒரு டீக்கடைக்குள் அனுப்பிவிட்டு, குடையோடு அடியில் குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் பச்சைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, பின்னால் என்ன தண்ணீர்? ஜப்பானில் பனி பெய்யும், பின் சீட்டுக்காரர்களுக்கும் ஹீட்டர் வேண்டும். அதற்காக இன்ஜினிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் வண்டியின் அடிவயிற்றோடு ஓடிப் பின் ஹீட்டருக்குப் போகிறது. நம்ம ஊரில் அந்த ஹீட்டர் சுவிட்சை யாரும் தொடுவதே இல்லை, குழாய் இருப்பதும் பலருக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் அதில் இருந்துகொண்டேதான் இருக்கும். மோன் மாநிலத்தில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ரோட்டுச் சேறு முழுவதும் அந்தக் குழாயில்தான் அப்புகிறது. இருபது வருட இரும்பு, கட்டை விரலால் அழுத்தினேன், பொத்தென்று உள்ளே போய்விட்டது.

மீட்டர் ஏன் ஏறவில்லை? முள்ளை ஆட்டும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கி அது காற்றில் தொங்க ஆரம்பித்துவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழேயே கிடக்கும். முள் ஏறினால் பயப்பட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். காரணமில்லாமல் இறங்கினாலும் உடனே நிறுத்த வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். இன்ஜின் பக்கத்திலேயே பின் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் கழற்றி, அந்த இரண்டு வாயையும் ஒரு சாண் ஹோஸாலும் இரண்டு கிளிப்பாலும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டேன். தண்ணீர் மெதுவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, காற்று வெளியேறும் வரை மூடியைத் திறந்து வைத்து, மறுபடி ஊற்றினேன். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்ஜின் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டர்போ இல்லாத 3எல் என்பதால்தான் தப்பித்தது என்று எங்கள் மெக்கானிக் சயா சொன்னார்.

தம்பி, நீங்கள் வண்டி பார்க்கப் போனால் முதலில் அடியில் படுத்து அந்தக் குழாயைத் தட்டிப் பாருங்கள்.

மேமியோவிலிருந்து

அண்ணே, உங்களுக்குக் குழாயோடு போயிற்று. எனக்கு ஹெட்டே போயிற்று.

என்னுடையது சூப்பர் கஸ்டம் வேகன், 1991. அதில் 2எல்-டிஇ இன்ஜின், 2,446 சிசி, டர்போ, பம்பை நடத்துவது கம்ப்யூட்டர். 1993க்குப் பிறகு வந்த சூப்பர் கஸ்டத்தில் 1கேஇசட்-டிஇ இருக்கும், அது 2,982 சிசி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, சீட்டைத் தூக்கி எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

மண்டலையிலிருந்து மேமியோ ஏறுகிற மலைப் பாதை உங்களுக்குத் தெரியும். சித்திரை வெயில், எட்டு பேர், கூரை மேல் மூட்டை, முன்னும் பின்னும் ஏசி. முள் பாதியைத் தாண்டியபோதே ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்டியிருக்க வேண்டும். "இன்னும் இரண்டு வளைவுதான்" என்று ஏற்றினேன். முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தி, லாரிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஹோஸை எடுத்து அப்படியே ஊற்றிவிட்டேன். மலை ஊற்றுத் தண்ணீர், கை விறைக்கும் குளிர்ச்சி. அந்தச் சூட்டில் அது பட்டதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அரை லிட்டர் தண்ணீர் குறையும், கீழே ஒரு சொட்டு கூட இருக்காது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் சோடா மாதிரி குமிழி. மேல் ஹோஸ் இரண்டே நிமிடத்தில் கல் மாதிரி இறுகிவிடும். ஹெட் கழற்றியபோது இரண்டு வால்வுக்கு நடுவில் மயிரிழை விரிசல்.

இப்போது வேறு ஹெட் போட்டு ஓடுகிறது. சூட்டில் இறுகி ரேடியேட்டர் ஃபேனைச் சுற்ற வைக்கும் ஃபேன் கிளட்ச்சையும் மாற்றினேன். பழையது சூட்டிலும் கையால் லேசாகச் சுற்றும் அளவுக்குத் தளர்ந்து போயிருந்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தட்டி எடுத்தபோது காவி நிறத்தில் ஒரு கிண்ணம் கசடு வந்தது. முன்னால் வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறார். கூலன்ட் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இல்லை, தம்பி.

இன்னொன்று. மார்கழியில் இங்கே குளிர், காலையில் வண்டி வெள்ளைப் புகை கக்கி ஒரு பக்கமாகக் குலுங்கினால் ஸ்டார்ட் ஆவதற்குச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் ஒன்றிரண்டு போய்விட்டது என்று அர்த்தம். யாங்கூன் சூட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அது போனதே தெரியாது.

யாங்கூனிலிருந்து

இன்ஜின் பற்றி அண்ணன்மார் எழுதுகிறீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் இருபது வருடமாக இந்த வேனில் ஏறி இறங்குகிறேன். கதவைப் பற்றி யாராவது எழுதியாக வேண்டும்.

பர்மா 1970 டிசம்பர் 6ஆம் தேதி வலது பக்கம் ஓட்டுவதற்கு மாறியது. எங்கள் அப்பா அந்த நாளைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வேன் எல்லாம் இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்தது, அதனால் தள்ளும் கதவு இடது பக்கம் இருக்கும். நம்ம ரோட்டில் வலது ஓரம் நிறுத்தினால் அந்தக் கதவு நடு ரோட்டில் திறக்கிறது.

பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வருஷா வருஷம் போகிறோம். ஒரு வருடம் தன்லின் தாண்டி ஒரு கடையருகே நிறுத்தினார்கள். என் தங்கச்சி மகன், ஆறு வயது, வண்டி நின்றதும் கதவைத் தள்ளிவிட்டுக் கீழே காலை வைத்தான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. பிள்ளையின் சட்டைக் காலரை என் கைதான் பிடித்திருந்தது. கையில் இருந்த பூக்கூடை ரோட்டில் விழுந்து சிதறியது, சாமிக்குக் கட்டிக்கொண்டு போன செவ்வந்தி மாலை. அன்றைக்குக் கோயிலில் எனக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எங்கள் வண்டியில் கதவின் குழந்தைப் பூட்டு எப்போதும் போட்டிருக்கும். ஸ்பேர் முதலில் இறங்கி, பின்னால் பார்த்து, வெளியிலிருந்து திறப்பார். பெரியவர்கள் இருந்தால் முடிந்தவரை ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கித்தான் நிறுத்துகிறோம். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டும்போது எதிரே வருவது அவருக்குத் தெரியாது, இடது முன் சீட்டில் இருப்பவர்தான் கண். அந்த சீட்டில் தூங்குகிற ஆளை உட்கார வைக்காதீர்கள்.

மோல்மீனிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் வண்டியில் பூட்டு வேலை செய்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு இரண்டு அனுபவம். ரோட்டோரப் பாட்டில் டீசல் ஊற்றினேன், பத்து மைலில் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிந்தது. ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி தண்ணீரை வடித்துவிட்டு, மேலே இருக்கும் கைப் பம்பை இறுகும் வரை அழுத்தினால் போதும். விளக்கை மதிக்காமல் ஓட்டினால் அந்தத் தண்ணீர் பம்புக்குள் போய்விடும், அதன் பிறகு செலவு பெரிசு.

அடுத்தது பிரேக். மிதித்தால் கல் மாதிரி இருந்தது, ஆயிலும் குறைந்துகொண்டே போனது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்தேன். டீசல் இன்ஜினில் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) கொடுப்பது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் சின்னப் பம்ப். அதற்கு இன்ஜின் ஆயில் ஒரு ஹோஸ் வழியாகத்தான் போகிறது. அந்த ஹோஸ் வெடித்திருந்தது. ஒரே ஹோஸால் இரண்டு கோளாறு.

அண்ணே, கேம் ஷாஃப்டை ஓட்டும் பெல்ட் எப்போது மாற்றுவது?

தட்டோனிலிருந்து

பெல்ட்டுக்குக் கணக்கு 1,00,000 கிலோமீட்டர். அந்த எண் வந்ததும் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். ஆனால் நம்மிடம் வரும் வண்டிக்கு எத்தனை கை மாறியது, மீட்டரைத் திருப்பினார்களா, விளக்கை அணைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய வாரமே பெல்ட்டையும் அதை இறுக்கும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை எழுதிக் கதவுத் தூணில் ஒட்டுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அதற்கு ரோட்டோரத்தில் மருந்து கிடையாது.

அந்தக் கல்யாணப் பயணத்துக்குப் பிறகு நான் ஹெட்டின் உலோகத்தோடு ஒட்டினாற்போல் தனியாக ஒரு சூடு சென்சார் வைத்து, டிரைவர் பக்கம் பஸர் மாட்டியிருக்கிறேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோகத்தின் சூட்டை அது சொல்லிவிடும். மேமியோ தம்பி, மலை ஏறுகிற வண்டிக்கு நீங்களும் அவசியம் போடுங்கள்.

தங்கச்சி, உங்கள் பிள்ளை பிழைத்தது முனீஸ்வரர் புண்ணியம். கதவைப் பற்றி நான் எழுதாமல் விட்டதற்கு மன்னித்துவிடுங்கள், அதுதான் முதலில் எழுத வேண்டியது.

வாங்கப் போகும் தம்பிக்கு: விற்கிறவரிடம், "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், இன்ஜின் அங்கே இல்லை. முன் சீட்டைத் தூக்கி நேராக இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள். தட்டோன் பக்கம் என்றால் சொல்லுங்கள், நானும் சயாவும் வருகிறோம். காலை ஆறு மணிக்குள் என்றால் நல்லது.